பழைய பேண்ட், புது ஆல்பம்: பாசத்தைக் கழித்துவிட்டால் என்ன மிஞ்சும்?

தக்கலை கீபோர்டு:

முப்பது வருஷம் தாண்டிய ஆல்டர்நேட்டிவ் ராக் பேண்டுகள் சமீபத்தில் போட்ட ஆல்பங்களில், அவர்களுடைய பழைய பாட்டு ஒன்றைக்கூடக் கேட்காத ஒருவருக்கும் பிடிக்கிற மாதிரி ஏதாவது இருக்கிறதா? கேள்வி இவ்வளவுதான். ஏன் கேட்கிறேன் என்பது கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சர்ச் கொயரில் கீபோர்டு வாசிக்கிறவன். பிழைப்பு வேறு. தொண்ணூறுகளில் எங்கள் தெருவுக்கு கல்ஃபிலிருந்து லீவில் வருகிறவர்கள் கொண்டுவந்த கேசட்டுகள்தான் எனக்கு இங்கிலீஷ் பாட்டு. மற்றதெல்லாம் நாகர்கோவிலில் கேசட் பதிந்து கொடுக்கும் கடையில். நாம் ஒரு லிஸ்ட் எழுதிக் கொடுப்போம், கடைக்காரர் பாதியைத் தன் இஷ்டத்துக்குப் பதிந்து தருவார். ‘தி கியூர்’ என்ற இங்கிலாந்து பேண்ட் எனக்கு வந்தது அவருடைய இஷ்டத்தில்தான். ஆகவே கியூர் விஷயத்தில் நான் நடுநிலையானவன் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவர்களுடைய ‘சாங்ஸ் ஆஃப் எ லாஸ்ட் வேர்ல்ட்’ வந்தது 2024 நவம்பர் 1. தீபாவளிக்கு மறுநாள். நம்ம கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த தேதி. அதற்கு அடுத்த நாள் கல்லறைத் திருநாள். 2008-க்குப் பிறகு, அதாவது 16 வருஷம் கழித்து வந்த ஆல்பம். எட்டே பாட்டு. முதல் பாட்டு ‘அலோன்’. அதில் பாடகர் ராபர்ட் ஸ்மித் வாய் திறக்கவே மூன்று நிமிஷத்துக்கு மேல் ஆகிறது. கடைசிப் பாட்டு ‘எண்ட்சாங்’ பத்து நிமிஷம் ஓடும், அதில் குரல் வருவதற்கு ஆறு நிமிஷம் தாண்டிவிடும். எங்கள் கொயரில் நான் முன்னிசையை இன்னொரு தடவை சுற்றினாலே சர்ச் ஐயர் (பாஸ்டர்) தலையைத் தூக்கிப் பார்ப்பார். இந்த மனுஷன் ஆறு நிமிஷம் நம்மைக் காக்க வைக்கிறார், நாமும் காத்திருக்கிறோம். இங்கிலாந்தில் முதலிடத்துக்கே போனது. அவர்களுக்கு 1992-க்குப் பிறகு அங்கே அது கிடைக்கவில்லை.

இதை என் அக்கா மகனிடம் போட்டுக் காட்டினேன். இன்ஜினியரிங் படிக்கிறான். “மாமா, இது 1989-இல் வந்த ‘டிஸின்டக்ரேஷன்’தானே? தூசி தட்டி மறுபடி கொடுத்திருக்கிறார்கள். உங்களுக்குப் பிடிப்பது பாட்டு இல்லை, உங்க காலேஜ் நாள்” என்றான்.

சத்தம் ஒன்றுதான், மறுக்கவில்லை. அதே மெதுவான டிரம்ஸ், பனி மாதிரி கீபோர்டு, முன்னால் வந்து நிற்கும் பேஸ். ஆனால் 89-இல் அவர் புலம்பியது முப்பது வயதாகப் போகிறதே என்று. இந்த ஆல்பம் வந்தபோது அவருக்கு 65. ‘ஐ கேன் நெவர் சே குட்பை’ இறந்துபோன தன் அண்ணனைப் பற்றியது. முப்பதுக்கு அந்தச் சோகம் கொஞ்சம் அதிகப்படி என்றே எனக்குத் தோன்றும். அந்த இசைக்குப் பொருத்தமான வயது இப்போதுதான் அவருக்கு வந்திருக்கிறது. அந்தப் பாட்டை நான் முதலில் கேட்டது கல்லறைத் திருநாள் அன்றைக்கு. அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பழைய சத்தம் என்றாலே நான் தலையாட்டிவிடுகிறேன் என்றும் நினைக்க வேண்டாம். ஸ்மாஷிங் பம்ப்கின்ஸ் பேண்ட் அதே வருஷம் ஆகஸ்டில் ‘அகோரி மோரி மே’ போட்டார்கள். (பெயரைப் பார்த்துக் காசிக்குப் போய்விட்டார்களோ என்று நினைத்தேன்.) அதற்கு முந்தின ‘ஆட்டம்’ ஆல்பத்தில் 33 பாட்டு, முழுக்கக் கேட்டு முடித்தவர்கள் கை தூக்குங்கள். அதற்குப் பிறகு மறுபடி கிடாருக்கு வந்ததில் எல்லோருக்கும் நிம்மதி. எனக்கும்தான். ஆனால் ஒரு மாதம் கழித்து ஒரு டியூனும் வாயில் வரவில்லை.

‘பல்ப்’ பேண்ட் நேர் எதிர். 2001-க்குப் பிறகு 2025 ஜூனில்தான் ‘மோர்’ வந்தது. கியூர் 2019-இலிருந்து இதோ வருகிறது, அதோ வருகிறது என்று நம்மை இழுத்தடித்தார்கள். பல்ப் மூன்று வாரத்தில் பதிந்து முடித்துவிட்டார்கள். 2023-இல் இறந்த தங்கள் பேஸ் கலைஞர் ஸ்டீவ் மேக்கிக்கு அதைச் சமர்ப்பணம் செய்திருக்கிறார்கள். ஆனாலும் ஒப்பாரி இல்லை. அறுபது தாண்டிய பாடகர் ஜார்விஸ் காக்கர் இன்னும் ஆசையைப் பற்றித்தான் பாடுகிறார், முழங்கால் வலியோடு. கொள்ளாம்.

இதெல்லாம் என் கணக்கு. மருமகனின் கேள்விக்கு இது பதில் ஆகாது, ஏனென்றால் எனக்கு இவர்களைத் தொண்ணூறுகளிலிருந்தே தெரியும். பழசு தெரியாமல் புதுசில் நுழைந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

மைக்செட் மார்த்தாண்டம்:

அண்ணே, நான் கோயில் கொடை, கன்வென்ஷன், கல்யாணம் எல்லாவற்றுக்கும் சவுண்ட் போடுகிறவன். எனக்குப் பாட்டின் வரிகள் பாதிதான் புரியும். காது வேறு விதமாக வேலை செய்யும். அந்தக் காதுக்குப் பேர்ல் ஜாம் பேண்டின் ‘டார்க் மேட்டர்’தான்.

2020-இல் வந்த ‘கிகாடன்’ எனக்கு ஒட்டவே இல்லை. ஒவ்வொருவரும் தனித்தனியாக வந்து வாசித்துவிட்டுப் போன மாதிரி ஒரு இடைவெளி கேட்கும். 2024 ஏப்ரலில் வந்த ‘டார்க் மேட்டர்’ அப்படி இல்லை. எல்லோரும் ஒரே அறையில் நின்று சேர்ந்து வாசித்தார்கள், வேலை மூன்று வாரத்தில் தீர்ந்தது. தயாரிப்பாளர் ஆண்ட்ரூ வாட் பிறந்தது 1990-இல். பேண்ட் தொடங்கியதும் 1990. அதாவது அவர்களுடைய ரசிகனாக வளர்ந்த பையன், நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு “இன்னும் வேகமாக அடியுங்கள்” என்று அவர்களையே வேலை வாங்குகிறான். அப்படி ஒருத்தன் பழைய பேண்டுகளுக்கு வேண்டும். அவர்களுக்குள் ஒருவரை ஒருவர் அதட்டுகிற தெம்பு போயிருக்கும்.

சத்தம் கொஞ்சம் கூடித்தான் போயிற்று. எல்லாவற்றையும் மேலே ஏற்றி நசுக்கி வைத்திருக்கிறார்கள், என் மானிட்டர் ஸ்பீக்கரில் கேட்டால் மூச்சு முட்டும். ஆனால் மேட் கேமரனின் டிரம்ஸை மட்டும் கேளுங்கள். 1998-இல் சேர்ந்தவர், 2025-இல் விலகிவிட்டார். அவர் அவர்களோடு போட்ட கடைசி ஆல்பம் இதுதான். எங்க குழுவில் சிங்காரி மேளம் அடிக்கும் பையன்களிடம் போட்டுக் காட்டினேன். பேர்ல் ஜாம் என்றால் யார் என்றே அவர்களுக்குத் தெரியாது. ரெண்டாவது பாட்டுக்குள் தொடையில் தாளம் போட ஆரம்பித்துவிட்டார்கள். உங்க சோதனையில் இது பாஸ்தானே?

கொளச்சல்காரி:

அண்ணா, நீங்கள் தேடுகிற ஆள் நான்தான்.

மஸ்கட்டில் நர்ஸ். 2023-இல் ஒரு நைட் டூட்டி முடிந்து ரூமுக்கு வந்து யூடியூபை விட்டுவிட்டுப் படுத்திருந்தேன். தானாக வந்தது ‘கோஸ்ட்ஸ் அகெய்ன்’. ரெண்டு வயதானவர்கள் மொட்டை மாடியில் உட்கார்ந்து செஸ் ஆடுகிறார்கள், கருப்பு வெள்ளையில். டெபெஷ் மோட் என்ற பெயரை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். பாட்டு பிடித்ததால் அது இருக்கிற ‘மெமென்டோ மோரி’ ஆல்பம் முழுதும் கேட்டேன். அதற்கு அப்புறம்தான் அந்த ரெண்டு பேரும் முன்னே மூன்று பேராக இருந்தவர்கள் என்று படித்தேன். ஆண்டி ஃபிளெச்சர் 2022 மே மாதம் இறந்துவிட்டார். அதற்கு முன்னாலேயே ஆல்பத்துக்குச் சாவை நினைவூட்டும் அந்தப் பெயரைத் தேர்ந்துவிட்டார்களாம், பல பாட்டுகளும் எழுதி முடிந்திருந்தன. பிறகு பெயரை மாற்றாமல் விட்டார்கள். ஐசியுவில் வேலை பார்க்கிற எனக்கு அந்தத் தைரியம் பிடித்தது. இங்கே எல்லோரும் அந்த வார்த்தையைச் சுற்றிக்கொண்டுதான் போவார்கள்.

பின்னால் போய் 1990-இன் ‘வயலேட்டர்’ கேட்டேன். அதுதான் சிறந்த ஆல்பம், சந்தேகமே இல்லை. ஆனால் எனக்கு அது பழைய ஆல்பம். ‘கோஸ்ட்ஸ் அகெய்ன்’ நான் கண்டெடுத்தது. உங்களுக்குக் கேசட் கடைக்காரர், எனக்கு யூடியூப். அவ்வளவுதான் வித்தியாசம்.

பல்ப் பற்றி நீங்கள் சொன்னதால் கேட்கிறேன்: ‘மோர்’ ஆல்பத்தில் எந்தப் பாட்டில் ஆரம்பிக்கலாம்?

குலசேகரம் பால்வெட்டு:

இந்தச் சோதனையே எனக்குச் சரியாகப் படவில்லை.

விடியுமுன்னே ரப்பர் வெட்டப் போகும்போது ஒரு காதில் மட்டும் பாட்டு, இன்னொரு காது காட்டுப்பன்றிக்கு. அப்படித்தான் என் இசை ஞானம். கீபோர்டு அண்ணாச்சி, நீங்கள் கொயரில் ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் அதே கேரலை வாசிக்கிறீர்கள். அதைப் போன வருஷ நினைவில்லாமல் கேட்டால் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்பார்களா? நினைவும் சேர்ந்ததுதான் பாட்டு. அதைக் கழித்துப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடிப்பது எதற்கு?

ரேடியோஹெட் பேண்டின் ‘ட்ரூ லவ் வெய்ட்ஸ்’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1995-இல் மேடையில் பாடகர் தாம் யார்க் கிடாரோடு பாடினார். ஸ்டுடியோ ஆல்பத்தில் அது வந்தது 2016-இல், ‘எ மூன் ஷேப்ட் பூல்’ கடைசிப் பாட்டாக. கிடார் போய் பியானோ. வரிகள் அதேதான். போகாதே என்று அன்றைக்குக் கெஞ்சினவர், போன பிறகு அதையே சொல்லிப் பார்க்கிற மாதிரி இருக்கிறது. பழசு தெரியாதவனுக்கு இது ஒரு நல்ல சோகப் பாட்டு, அவ்வளவுதான். தெரிந்தவனுக்கு 21 வருஷம். எனக்கு அந்த 21 வருஷம் வேண்டும், அதைப் பாசம் என்று கழித்துக்கொடுக்க மாட்டேன்.

லிங்கின் பார்க் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. 2024 நவம்பரில் ‘ஃப்ரம் ஜீரோ’ வந்ததே? இறந்துபோன பழைய பாடகர் செஸ்டர் பெனிங்டன் இல்லாமல், எமிலி ஆர்ம்ஸ்ட்ராங் குரலில். உங்க கணக்கில் அது எங்கே நிற்கும்?

தக்கலை கீபோர்டு:

தங்கச்சி, ‘ஸ்பைக் ஐலண்ட்’டில் ஆரம்பியுங்கள், முதல் பாட்டே அதுதான். பிடித்தால் அப்படியே வரிசையாகப் போகலாம். நைட் டூட்டிக்கு முன்னால் வேண்டுமானால் கேளுங்கள், பின்னால் கேட்டால் தூக்கம் வராது.

மைக்செட் தம்பி, பாஸ். ஆனால் மேளக்காரப் பையன்கள் எதற்குத்தான் தாளம் போடமாட்டார்கள்?

பால்வெட்டு அண்ணாச்சி, கேரல் விஷயத்தில் ஒரு வித்தியாசம் இருக்கிறது. கேரலை யாரும் புது ஆல்பம் என்று விற்பதில்லை. புதுசு என்று சொல்லி என் கையில் கொடுத்தால் அதில் புதுசு எது என்று நான் கேட்பேன். நீங்கள் சொன்ன ரேடியோஹெட் பாட்டிலும் அந்தப் பியானோ புதுசு, அதனால்தான் 21 வருஷமும் காதில் விழுகிறது. அதே கிடாரோடு பதிந்திருந்தால் இவ்வளவு பேசுவோமா?

லிங்கின் பார்க்கை வேண்டுமென்றேதான் விட்டேன். அந்த ஆல்பம் அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல், அதில் எமிலியின் கத்தலில் பொய் இல்லை. என் தயக்கம் அவரிடம் இல்லை. பேண்டின் முதல் பெயரான ‘ஜீரோ’வைத் தலைப்பிலேயே வைத்துவிட்டு, பாட்டுகளை அவர்களுடைய 2003 பாட்டுகள் மாதிரியே கட்டியிருக்கிறார்கள். பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறவர்கள் இவ்வளவு பத்திரமாகவா தொடங்குவார்கள்?

அக்கா மகன்:

மாமா, அந்த மருமகன் நான்தான். லிங்க் அனுப்பியது அம்மா.

முதலில் ஒரு விளக்கம். ‘எண்ட்சாங்’கை எனக்குப் போட்டுக் காட்டியது திருவனந்தபுரம் போகிற வழியில், காரில். பாலராமபுரம் நெரிசலில் வண்டி நிற்கிறது, பாட்டும் ஆரம்பிக்க மாட்டேன் என்கிறது. அந்த நிலைமையில் யாருக்குத்தான் பிடிக்கும்? ஹாஸ்டலில் ஹெட்போனில் திரும்பக் கேட்டேன். ‘அலோன்’ போனில் இருக்கிறது. மற்றதை இன்னும் யோசிக்கவில்லை.

உங்க கேள்விக்குப் பதில் டெஃப்டோன்ஸ். 2025 ஆகஸ்டில் ‘பிரைவேட் மியூசிக்’ வந்தது. என் ஹாஸ்டல் ஃபுளோரில் பாதிப் பேர் அதைத்தான் கேட்கிறார்கள். ரீல்ஸில் பாட்டைப் பிடித்து உள்ளே போனவர்கள்தான் எல்லோரும். அவர்கள் 1988-இல் தொடங்கிய பேண்ட் என்று எனக்கு இந்த மாதம்தான் தெரியும், பாடகர் சினோ மொரேனோவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது என்பதும். நான் ஏதோ புதுப் பையன்கள் என்று நினைத்திருந்தேன். கிடார் தரையைக் குடைகிறது, குரல் அதன் மேலே தூங்கிக்கொண்டே பாடுகிறது.

உங்க லிஸ்டில் அவர்கள் ஏன் இல்லை? தொண்ணூறுகளில் அந்தக் கேசட் கடைக்காரர் பதிந்து தரவில்லையா? ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறேன். இந்தத் தடவை பாட்டு நான் போடுவேன்.