தீத்தடுப்புக் கோடு எத்தனை கிலோமீட்டர்? காப்பகச் செலவை விவரமாக வெளியிட என்ன தயக்கம்?

மலைக்காத்து:
மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு புலிகள் காப்பகம். பெயர் வேண்டாம், கதை அதைப் பற்றி மட்டும் இல்லை. காட்டுத்தீ பரவாமல் இருக்கப் புல்லை வெட்டி அகற்றும் தீத்தடுப்புக் கோட்டின் செலவு விவரம் கேட்டு, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, மார்ச்சில் தகவல் உரிமை மனு போட்டேன். முப்பது நாளில் பதில் இல்லை. மேல்முறையீடு செய்த பிறகு ஆகஸ்டில் ஒரு தாள் வந்தது. "தீத்தடுப்புப் பணிகள்" என்று ஒரு வரி, எதிரே ஒரு தொகை, அவ்வளவுதான். எத்தனை கிலோமீட்டர், எந்த பீட் (ஒரு வனக்காவலர் பொறுப்பில் இருக்கும் பகுதி), எத்தனை ஆள் என்று எதுவும் இல்லை.

சரி, நேரில் பார்க்கலாம் என்றால் ஆகஸ்டில் கோடு எங்கே இருக்கும்? மழை பெய்து இடுப்பளவு புல் நிற்கிறது. ஜனவரியில் முழுசாக வெட்டினார்களா, பாதி வெட்டினார்களா என்பது அந்தப் புல்லுக்குத்தான் வெளிச்சம்.

கட்டடம் கட்டினால் பத்து வருஷம் கழித்தும் அளக்கலாம். காட்டில் நடக்கும் வேலையில் பாதி மழையோடு போய்விடும். கோடு, உண்ணிச்செடி அகற்றல், கோடையில் தொட்டிக்குத் தண்ணீர் லாரி எல்லாமே அப்படித்தான். அதனால் கணக்கு மழைக்கு முன்னால் வெளியே வர வேண்டும். தகவல் உரிமைச் சட்டம் 4(1)(பி) பிரிவு திட்டச் செலவுகளை யாரும் கேட்காமலே வெளியிடச் சொல்கிறது. அதைச் செய்தாலே போதும்.

காக்கிச்சட்டை (ஓய்வு):
தம்பி, 31 வருஷம் வனவர் வேலை பார்த்தவன் சொல்கிறேன். கணக்கே இல்லாத மாதிரிப் பேசுகிறீர்கள். அளவுப் புத்தகம் இருக்கிறது. ரேஞ்சர் அளந்து எழுதினால் மேலே ஒருவர் சரிபார்க்கிறார். ஏ.ஜி. ஆபீஸ் (மாநிலக் கணக்காயர் அலுவலகம்) தணிக்கை வேறு. அவர்கள் உட்கார்ந்தால் ஒரு வவுச்சரை விட மாட்டார்கள்.

உங்களுக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். புலிகள் திட்டப் பணத்தை மத்திய அரசும் மாநிலமும் பங்கிட்டுத் தருகின்றன. ஆண்டுத் திட்டம் ஒப்புதலாகி தவணை தவணையாக இறங்கி வரும். கோடு ஜனவரி, பிப்ரவரியில் வெட்டியாக வேண்டும், புல் காய்ந்துவிட்டால் போச்சு. பணமோ மார்ச் கடைசியில் வரும். அதுவரை ரேஞ்சர் மளிகைக் கடையில் கடன் சொல்லி ஆட்களுக்கு அரிசி வாங்கிக் கொடுப்பார். நானே என் கைக்காசைப் போட்டிருக்கிறேன். அப்புறம் வவுச்சர் தேதியும் வேலை நடந்த தேதியும் எப்படி ஒத்துப்போகும்? அதை அப்படியே வெளியே போட்டால் முதல் ஆளாக நீங்கள்தான் எங்களைத் திருடன் என்பீர்கள்.

டீக்கடை பெஞ்சு:
எல்லாம் கூட்டுக் களவாணிங்க. இதுல என்ன விவாதம்?

பற்றுவரவு:
பெஞ்சு அண்ணே, இப்படி மொத்தமாகச் சொல்லிவிட்டால் உண்மையிலேயே எடுத்தவன் நிம்மதியாகத் தூங்குவான்.

காக்கிச்சட்டை ஐயா, தணிக்கை வேலை செய்யும் என்பதற்கு உதாரணம் இருக்கிறது. 2025 பிப்ரவரியில் உத்தராகண்ட் சட்டமன்றத்தில் வைத்த சி.ஏ.ஜி. (இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்) அறிக்கையைப் பாருங்கள். காடு அழிந்ததற்கு ஈடாக மரம் வளர்க்க வந்த காம்பா நிதியில் 13.86 கோடி ரூபாய் வேறு செலவுகளுக்குப் போயிருக்கிறது. ஐபோன், லேப்டாப், ஃப்ரிட்ஜ், கூலர் எல்லாம் அதில் உண்டு. ஆனால் அது 2019 முதல் 2022 வரையிலான கணக்கு. வெளியே வந்தது 2025இல்.

காக்கிச்சட்டை (ஓய்வு):
பிடித்தார்களா இல்லையா? அதைத்தானே நானும் சொன்னேன்.

பற்றுவரவு:
ஐபோனைப் பிடித்தார்கள் ஐயா, ஏனென்றால் பில்லிலேயே ஐபோன் என்று இருந்தது. வெட்டாத கோட்டுக்கும் வெட்டிய கோட்டுக்கும் வவுச்சர் ஒரே மாதிரிதான் இருக்கும். தொகை சரி, கையெழுத்து சரி, ரேகை சரி. ஆபீஸில் உட்கார்ந்து அதை எப்படிப் பிரித்துச் சொல்வது?

அதே உத்தராகண்டில் உள்ள கார்பெட் புலிகள் காப்பகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பாக்ரோ புலி சஃபாரிக்கு வெட்ட அனுமதி 163 மரத்துக்கு. இந்திய வன ஆய்வு நிறுவனம் கணக்கெடுத்தபோது 6,000க்கு மேல் வெட்டப்பட்டிருந்தது. 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. எண்ணிக்கையை அங்கேயே ஒரு பலகையில் எழுதி வைத்திருந்தால் அந்த வழியாகப் போகிற எவனும் கேட்டிருப்பான்.

காக்கிச்சட்டை (ஓய்வு):
அந்த வழியாகப் போகிறவன் யார்? அது காடு, பஸ் ஸ்டாண்ட் இல்லை. வனவிலங்குச் சட்டம் 28ஆம் பிரிவில் எதற்கெல்லாம் உள்ளே போக அனுமதி தரலாம் என்று இருக்கிறது: ஆராய்ச்சி, படமெடுப்பது, சுற்றுலா இப்படி. "கணக்குப் பார்க்க" என்று அதில் இல்லை. வேட்டைத் தடுப்பு முகாம் எங்கே, துப்புக் கொடுத்தவனுக்கு எவ்வளவு என்று விலாவாரியாகப் போட்டால் வேட்டைக்காரனுக்கு நாமே வரைபடம் கொடுத்த மாதிரி.

மலைக்காத்து:
முகாமும் துப்பும் யாருக்கு வேண்டும்? தகவல் உரிமைச் சட்டம் 8(1)(ஜி) பிரிவில் அதை மறைக்கலாம். 10ஆம் பிரிவின்படி மறைக்க வேண்டியதை மட்டும் நீக்கிவிட்டு மீதியைத் தரலாம். கோடு என்ன ராணுவ ரகசியமா? புல் வெட்டின இடம் ஐயா! வேலையையே நேரில் ஆய்வு செய்யும் உரிமை 2(ஜே) பிரிவில் இருக்கிறது. அதைக் காட்டி ஒரு முறை அனுமதி கேட்டேன். "யானை நடமாட்டம்" என்றார்கள். என்றைக்குத்தான் அங்கே யானை நடமாடவில்லை?

தேதி ஒத்துப்போகாத விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம். ஆனால் தாமதமாகப் பணம் அனுப்பியவர்கள் மாட்டிக்கொள்ளத்தான் அந்தத் தேதி வெளியே வர வேண்டும். நீங்கள் கைக்காசு போட்டதும் அப்போதுதானே நாலு பேருக்குத் தெரியும்?

தேன்கூடு:
நான் காட்டோரம் இருப்பவள். எங்கள் ஊர்ச் சூழல் மேம்பாட்டுக் குழுவில் உறுப்பினர். யார் உள்ளே போய்ப் பார்ப்பது என்று சண்டை போடுகிறீர்கள். கோடு வெட்டுவதே எங்கள் வீட்டு ஆட்கள்தான். என் தம்பி போன தை மாதம் பதினெட்டு நாள் போனான். எங்கே தொடங்கி எந்த ஓடையில் நிறுத்தினார்கள் என்று அவன் கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். அவனிடம் யாரும் இதுவரை கேட்டதில்லை.

பணம் தாமதம் என்று பெரியவர் சொல்வதும் உண்மைதான். அவனுக்குக் கூலி வந்தபோது பங்குனி முடிந்துவிட்டது.

இன்னொன்று, சஃபாரி கட்டணம் எங்கே போகிறது?

பற்றுவரவு:
அக்கா, புலிகள் பாதுகாப்பு அறக்கட்டளைக்கு. வனவிலங்குச் சட்டத்தின் 2006 திருத்தத்தில் வந்த 38-எக்ஸ் பிரிவு. நுழைவுக் கட்டணத்தைத் திருப்பி அங்குள்ள மக்களின் மேம்பாட்டுக்கும் சூழல் சுற்றுலாவுக்கும் பயன்படுத்தச் சொல்கிறது. உங்கள் குழுக் கூட்டத்தில் அதன் ஆண்டுக் கணக்கை வாசித்திருக்கிறார்களா?

தேன்கூடு:
எங்களுக்கு அடுப்பு கொடுத்தார்கள், சோலார் விளக்கு கொடுத்தார்கள், போட்டோ எடுத்தார்கள். கணக்கு வாசித்ததில்லை. அப்படி ஒன்று இருப்பதே இப்போதுதான் தெரிகிறது. நூறு நாள் வேலைக்காவது கிராமசபையில் பேர் வாசித்துக் கேட்டிருக்கிறோம்.

காக்கிச்சட்டை (ஓய்வு):
சரி அம்மா, உங்களுக்காக ஒரு படி இறங்கி வருகிறேன். பீட் பெயர், கிலோமீட்டர், தொகை, இந்த மூன்றையும் பிப்ரவரியில் செக்போஸ்ட் பக்கத்தில் எழுதி வைக்கலாம். வவுச்சர் தேதி வேண்டாம். கீழே இருக்கிற ஃபாரஸ்ட் கார்டு மாட்டுவான், மேலே இருப்பவர் மாட்ட மாட்டார்.

மலைக்காத்து:
தேதி இல்லாமல் பாதிக் கணக்குதான் ஐயா. ஒப்புக்கொள்ள மாட்டேன்.

தேன்கூடு:
கிலோமீட்டரை முதலில் எழுதச் சொல்லுங்கள். என்றைக்கு வெட்டினோம் என்பதை நாங்கள் சொல்லிக்கொள்கிறோம்.

காக்கிச்சட்டை (ஓய்வு):
எழுதலாம். அந்தப் பலகைச் செலவை எந்தத் தலைப்பில் காட்டுவது என்று கேட்டு ஒரு கடிதம் வரும் பாருங்கள். அதற்கும் யாராவது பதில் யோசித்து வையுங்கள்.