ரஸ்தாலியில் அடி இலை பழுத்துத் தண்டு வெடிக்கிறது: வண்டா, வாடலா?

சோழவந்தான் தோட்டம்
வணக்கம். சோழவந்தான் பக்கம் பெரியாறு வாய்க்கால் பாசனத்தில் ரஸ்தாலி வைத்திருக்கிறோம், மறுதாம்புப் பயிர், அதாவது முந்தைய தாரை வெட்டியபின் பக்கக்கன்றிலிருந்து வந்தது. பூத்தள்ளப்போகிற நேரத்தில் தெற்கு வரப்போரம் சில மரங்களில் அடி இலைகள் ஓரத்தில் மஞ்சளாகி, மஞ்சள் நடுநரம்பு வரை ஏறுகிறது. அப்புறம் காம்பு ஒடிந்து, இலை தண்டைச் சுற்றித் தொங்கிவிடுகிறது. குருத்து மட்டும் நிமிர்ந்து நிற்கிறது. மண்ணிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தண்டு நெடுக்காக வெடித்திருக்கிறது, விரல் நுழைகிற அளவுக்கு.

மருந்துக் கடையில் கேட்டதற்கு, தண்டு துளைக்கும் கூன்வண்டு என்று ஒரு மருந்து கொடுத்தார்கள். இன்னும் அடிக்கவில்லை, அடிக்கலாமா? மேலூரில் என் மைத்துனர் புதிதாக வாழை வைக்கப்போகிறார். இந்தத் தோட்டத்துப் பக்கக்கன்றுகளை எடுக்க அடுத்த வாரம் வண்டி அனுப்புகிறார். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

வாடிப்பட்டி விவசாயி
பொட்டாஷ் குறைந்தாலும் அடி இலை இப்படித்தான் பழுக்கும் அண்ணே. கடைசியாக உரம் எப்போது வைத்தீர்கள்?

சோழவந்தான் தோட்டம்
உரமெல்லாம் வயல் முழுக்க ஒரே மாதிரிதான் தம்பி. மற்ற பக்கம் மரங்கள் நன்றாக இருக்கின்றன.

பயிர் நோயியல் மாணவி
ஐயா, கடை மருந்தைத் தொடாதீர்கள். கூன்வண்டு என்றால் தண்டில் ஊசித் துளைகள் இருக்கும், அதில் பிசின் வடிந்து காய்ந்திருக்கும். நீங்கள் துளையைப் பற்றிச் சொல்லவே இல்லை. நெடுக்கு வெடிப்பும், காம்பு ஒடிந்து தொங்குவதும் வேறு ஒன்றைக் காட்டுகின்றன.

முழுதாக வாடிய ஒரு மரத்தைக் கிழங்கோடு தோண்டி, கிழங்கைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். முகர்ந்தும் பாருங்கள். நாற்றம் குடலைப் புரட்டினால் அது எர்வினியா என்னும் பாக்டீரியா அழுகல். நாற்றமில்லாமல் செம்பழுப்புப் புள்ளிகள் இருந்தால் பனாமா வாடல். உள்ளே புழு குடைந்த கறுத்த குடைவு இருந்தால் கிழங்குக் கூன்வண்டு.

சோழவந்தான் தோட்டம்
வெட்டிப் பார்த்தோம் அம்மா. நாற்றம் இல்லை, புழுவும் இல்லை. கிழங்கின் வெள்ளைச் சதையில் செம்பழுப்புப் புள்ளிகள் வளையமாக இருக்கின்றன. தண்டைப் பிளந்தால் உள்மட்டைகளில் அதே நிறத்தில் நூல் நூலாகக் கோடு ஓடுகிறது.

பயிர் நோயியல் மாணவி
அப்படியென்றால் பனாமா வாடல்தான் ஐயா. ஃபியூசேரியம் என்ற பூஞ்சை மண்ணிலிருந்து வேர் வழியாக ஏறி, நீர் போகும் குழாய்களை அடைத்துவிடுகிறது. நிலத்தில் ஈரம் இருந்தும் இலை காய்வது அதனால்தான். ரஸ்தாலி இதற்கு மிக எளிதில் விழும்.

முதலில் மேலூர் வண்டியை நிறுத்துங்கள். பச்சையாக நிற்கும் தாயின் கன்றிலும் பூஞ்சை இருக்கலாம், வெளியே தெரியாது. கன்றோடும் கிழங்கில் ஒட்டிய மண்ணோடும்தான் இந்த நோய் ஊர்விட்டு ஊர் போகிறது. சொந்தக்காரருக்கு இல்லை என்று சொல்வது சங்கடம்தான். ஆனால் ஒருமுறை நிலத்துக்குள் நுழைந்துவிட்டால் இதன் வித்துகள் வாழையே இல்லாமலும் பல்லாண்டுகள் மண்ணில் கிடக்கும்.

வாடிய மரத்தைக் காப்பாற்ற மருந்து கிடையாது. கிழங்கோடு தோண்டி, இழுத்துப் போகாமல் அங்கேயே எரித்துவிடுங்கள். குழிக்கு 1 முதல் 2 கிலோ சுண்ணாம்பு போடுங்கள். அந்தப் பக்கத்துத் தண்ணீர் மற்ற பாத்திகளுக்குப் பாயக்கூடாது. மண்வெட்டியையும் காலையும் கழுவாமல் அடுத்த பாத்தியில் இறங்காதீர்கள். சுற்றியுள்ள நல்ல மரங்களுக்கு 2 சதவீதக் கார்பண்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லிக் கரைசலை, அதாவது லிட்டருக்கு 20 கிராம், மரத்துக்கு 3 மில்லி கிழங்கில் ஊசியாகச் செலுத்தலாம்.

வாடிப்பட்டி விவசாயி
கூடவே, நோய்ப் பூஞ்சையை அடக்க மண்ணில் இடுகிற டிரைக்கோடெர்மாவும் வைக்கலாமே?

பயிர் நோயியல் மாணவி
ஒரே சமயத்தில் வேண்டாம். டிரைக்கோடெர்மாவும் பூஞ்சைதான், கார்பண்டசிம் அதையும் கொன்றுவிடும். அதே வேலைக்கு இடுகிற சூடோமோனாஸ் ஒரு பாக்டீரியா என்பதால் அந்தச் சிக்கல் இல்லை.

தென்கரைப் பெரியவர்
தம்பி, வாய்க்கால் தண்ணீர் வருகிற நிலம் உனக்கு இருக்கிறது. தாரை வெட்டியதும் நெல் போடு. தண்ணீர் தேங்கிய சேற்றில் இந்தப் பூஞ்சை அடங்கும், அழிந்துவிடாது. பிறகு வாழைக்கு வந்தாலும் ரஸ்தாலி வேண்டாம், மொந்தனும் செவ்வாழையும் வேண்டாம். பூவன் தாக்குப்பிடிக்கும். ரஸ்தாலிக்குக் கிடைக்கிற விலை அதற்குக் கிடைக்காதுதான், ஆனாலும் தார் கைக்கு வந்து சேரும்.

சோழவந்தான் தோட்டம்
திசு வளர்ப்புக் கன்று வாங்கினால் ரஸ்தாலியே வைக்கலாம் என்கிறார்களே ஐயா?

பயிர் நோயியல் மாணவி
நானே சொல்கிறேன் ஐயா. திசு வளர்ப்புக் கன்று நோயில்லாமல் வரும், அவ்வளவுதான். நோயுள்ள மண்ணில் வைத்தால் அதையும் பிடிக்கும். ஜி-9 என்ற வாழை ரகம் நம் பக்கத்து வாடலைப் பெரும்பாலும் தாங்கும். ஆனால் பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் அதையே சாய்க்கும் டிஆர்-4 என்ற பூஞ்சை வகை வந்துவிட்டது. அதனால் எந்தக் கன்றானாலும் எங்கிருந்து வருகிறது என்று கேட்டு வாங்குங்கள்.

உறுதி செய்துகொள்ள ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரிக்கோ, திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையத்துக்கோ மாதிரி கொடுங்கள். கோடு தெரிகிற தண்டுத் துண்டைத் தாளில் சுற்றிக் கொண்டுபோங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் அழுகிவிடும்.

மேலூர் புதுத்தோட்டம்
மச்சான், நான்தான். படித்தேன், வண்டி அனுப்பவில்லை. வேறு இடத்தில் கன்று பார்க்கிறேன். எடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்று அந்த அம்மாவைச் சொல்லச் சொல்லுங்கள்.

பயிர் நோயியல் மாணவி
வாடலே இல்லாத தோட்டமா என்று நேரில் நடந்து பாருங்கள் ஐயா. ஒன்றரை முதல் 2 கிலோ எடையுள்ள ஈட்டி இலைக் கன்றாக எடுங்கள். அகன்ற இலை விட்ட நீர்க்கன்று வேண்டாம். வேரையும் கிழங்கின் மேல்தோலையும் அந்தத் தோட்டத்திலேயே சீவிவிடுங்கள், அங்கத்து மண் உங்கள் நிலத்துக்கு வரக்கூடாது. சீவிய இடம் வெள்ளைவெளேரென்று இருக்க வேண்டும். ஒரே ஒரு செம்பழுப்புப் புள்ளி தெரிந்தாலும் அந்தத் தோட்டத்துக் கன்று எதுவுமே வேண்டாம்.