ஏரியா பாம்பிங்: தமிழில் என்ன சொல்லலாம்?

அன்பர்களே,

இரண்டாம் உலகப்போரின் கடைசி ஆண்டு பற்றித் திங்கட்கிழமைக்குள் மாணவர்களுக்குக் குறிப்பு கொடுக்க வேண்டும். 1945 பிப்ரவரி 13 இரவு டிரெஸ்டன்மீது பிரிட்டிஷ் விமானங்கள். மார்ச் 9 இரவு டோக்கியோமீது அமெரிக்க பி-29 குண்டுவீச்சு விமானங்கள். ஒரு ஆலை, ஒரு பாலம் என்றில்லாமல் ஊரையே குறிவைக்கும் இந்த ஏரியா பாம்பிங்குக்கு இப்போதைக்குப் 'பரப்புக் குண்டுவீச்சு' என்று போட்டிருக்கிறேன். வேறு நல்ல சொல் உண்டா?
– செ.

ஐயா, கையில் இருப்பதை விட்டுவிட்டு எங்கே தேடுகிறீர்கள்? மண்ணாசையால் படையெடுப்பதைப் பாடும் வஞ்சித்திணையில், பகைநாட்டில் தீ பரவ எரிப்பதற்குத் தொல்காப்பியர் 'எரிபரந்து எடுத்தல்' என்று துறையே வைத்திருக்கிறார். டோக்கியோவில் நடந்தது அதுதானே? மரவீடுகள் நெருங்கிய ஊர், ஒரே இரவில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் மாண்டார்கள். தவிர, குண்டு என்றால் உருண்டை. அன்று கொட்டிய எம்-69 ஆறுபட்டை இரும்புக் குழாய், உள்ளே நேபாம் என்னும் ஒட்டி எரியும் பெட்ரோல் கூழ். அதைக் குண்டு என்பது தமிழுக்கு அடுக்குமா?
– பு.

புலவரே, குண்டுக்கு ஆழம் என்றும் பொருள் உண்டு. புறநானூற்றில் 'குண்டுகண் அகழி' பார்க்கவில்லையா? குண்டும் குழியும் என்கிறோமே! சரி, அது கிடக்கட்டும். எரிபரந்தெடுத்தல் என்று வினாத்தாளில் வந்தால் பையன் இலக்கணத் தேர்வுக்கு வந்துவிட்டோமோ என்று முழிப்பான். ஆங்கிலத்தில் கார்ப்பெட் பாம்பிங் என்கிறார்களே, அதுபோல 'கம்பளக் குண்டுவீச்சு' போதும், கேட்டதும் புரியும்.
– மா.

கம்பளம் வேண்டாம், மா. எரிபரந்தெடுத்தலும் வேண்டாம். அது படையெடுக்கும் வேந்தனைப் பாடும் துறை. அதை வைத்தால் டோக்கியோவை எரிக்கச் சொன்ன அமெரிக்கத் தளபதி லெமே பாட்டுடைத் தலைவன் ஆகிவிடுவார்.

ஆனால் 'பரப்பு' எனக்கு இன்னும் உறுத்துகிறது. அதில் நிலம் இருக்கிறது, ஆள் இல்லை. 1942 பிப்ரவரி 14-இல் பிரிட்டிஷ் விமானப்படைக்குப் போன ஆணை, எதிரிநாட்டுப் பொதுமக்களின் மன உறுதியைத்தான் குறிவைக்கச் சொன்னது. 1945 மார்ச் 28-இல் பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சில், வேறு சாக்குகள் சொல்லிக்கொண்டு பயங்கரத்தைக் கூட்டவே ஜெர்மன் நகரங்கள்மீது குண்டு போடுவதை மறுபரிசீலனை செய்யலாம் என்று குறிப்பு எழுதினார். தளபதிகளுக்குப் பொறுக்கவில்லை. அதை மாற்றி ஏப்ரல் 1-இல் அவரிடமிருந்து வேறு குறிப்பு போனது. அதில் 'பயங்கரம்' என்ற சொல் இல்லை, 'ஏரியா பாம்பிங்' இருந்தது. அந்தப் பூசிமெழுகலைத்தான் நாம் உட்கார்ந்து மொழிபெயர்க்கிறோம். 'ஊரழிப்புக் குண்டுவீச்சு' என்று உடைத்துச் சொல்லுங்கள்.
– இ.

அம்மா, கோபம் புரிகிறது. ஆனால் சொல்லிலேயே தீர்ப்பை எழுதிவிட்டால் வகுப்பில் பேச என்ன மிச்சம்? போரைச் சீக்கிரம் முடிக்க வேறு வழி இருந்ததா, வார்சாவையும் ராட்டர்டாமையும் முதலில் நொறுக்கியவர்கள் ஜெர்மானியர்கள்தானே என்றெல்லாம் மாணவர்கள் கேட்கட்டும். 'ஊரழிப்பு' கேட்கவிடாது. என் ஓட்டு பரப்புக்கு.
– த.

எனக்கும் பரப்பு. தூக்கம் வருகிறது.
– மா.

எல்லோருக்கும் நன்றி. பரப்புக் குண்டுவீச்சே இருக்கட்டும். இ. அம்மா சொன்ன சர்ச்சிலின் இரண்டு குறிப்புகளையும் தேதியோடு மாணவர் குறிப்பின் கீழே சேர்த்துவிட்டேன்.
– செ.

சேர்த்தது நல்லது. மாணவர்கள் அதைப் படித்த பிறகும் 'பரப்பு' என்றே எழுதினால் எழுதட்டும். நான் எழுதமாட்டேன்.
– இ.

என் மறுப்பையும் பதிவு செய்துகொள்ளவும். நேபாமுக்கு இன்னும் யாரும் சொல் தரவில்லை. நாளை தனி இழை தொடங்குகிறேன்.
– பு.