காப்புக் கயிறும் பள்ளி விதியும்: யோசனை சொல்லுங்கள்

வணக்கம்ங்க. நாங்கள் கோபிசெட்டிபாளையம் பக்கம். மகள் மூன்றாம் வகுப்பு, சிஸ்டர்கள் நடத்தும் பள்ளி. பூ, கொலுசு, மருதாணி, கையில் கயிறு எதுவும் கூடாது என்று டைரி முதல் பக்கத்திலேயே இருக்கிறது. கையெழுத்துப் போட்டதும் நான்தான், மறுக்கவில்லை.

மாரியம்மன் நோம்பிக்கு (திருவிழாவுக்கு) அம்மிச்சி (அம்மா வழிப் பாட்டி) மஞ்சள் கயிறு கட்டிவிட்டார். திங்கட்கிழமை பிரேயர் முடிந்ததும் டீச்சர் அதைக் கத்தரித்து, டிபன் பையில் போட்டு அனுப்பிவிட்டார். "கம்பம் பிடுங்கற வரைக்கும் அவுக்கக் கூடாதுன்னு அம்மிச்சி சொன்னாங்களேம்மா" என்று ராத்திரி முழுக்க அழுகை. (கோயில் முன் நட்ட கம்பத்தை நோம்பி முடிவில்தான் பிடுங்குவார்கள்.) முதலில் எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்.

அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியில் பெற்றோர் சம்மதமில்லாமல் பிள்ளையை மத வழிபாட்டில் கலந்துகொள்ளச் சொல்லக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 28(3). சரி, அது பிரேயருக்கு. கயிற்றுக்கும் பொருந்துமா?

படிப்பு நன்றாக இருக்கிறது, பள்ளியை மாற்றும் எண்ணமில்லை. சண்டையும் வேண்டாம். நோம்பி முடியும்வரை விலக்குக் கேட்டு ஹெச்.எம். சிஸ்டரிடம் கடிதம் கொடுத்தவர்கள் யாராவது உண்டா? எப்படி எழுதினீர்கள்? 14417 கல்வி உதவி எண்ணில் பேசியவர்களும் சொல்லுங்கள். பள்ளிப் பெயரைக் கேட்காதீர்கள், ப்ளீஸ்.