சாயா, மாலா-என்: குறிப்புச் சீட்டு எழுத உதவுங்கள்

வணக்கம் தோழிகளே. துணை சுகாதார நிலையத்தில் சாயா, மாலா-என் என்ற கருத்தடை மாத்திரைகளை வாங்கிப் போகும் பெண்களுக்காக ஒரு பக்கக் குறிப்புச் சீட்டு தயாரிக்கிறோம். எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் புரிய வேண்டும்.

சாயாவில்தான் குழப்பம் அதிகம். மாதவிலக்கின் முதல் நாள் ஞாயிறு என்றால், 3 மாதம் வரை ஞாயிறும் புதனும் ஒவ்வொரு மாத்திரை. 4ஆம் மாதம் முதல் ஞாயிறு மட்டும். இந்த மாற்றத்தில்தான் பலர் தவறுகிறார்கள். அட்டையின் பின்புறம் பேனாவால் கிழமை எழுதித் தருவது ஓரளவு உதவுகிறது. மறந்து 7 நாளுக்கு மேல் ஆகிவிட்டால், வாரம் இருமுறை என்று முதலிலிருந்தே தொடங்க வேண்டும். சாயாவில் மாதவிலக்கு தள்ளிப்போவது இயல்பு. அதற்குப் பயந்து நிறுத்திவிடுகிறார்கள்.

மாலா-என் அட்டையில் 28 மாத்திரை. கடைசி 7 வெறும் இரும்புச்சத்து. ஒன்றை மறந்தால் நினைவு வந்ததும் போடலாம், ஒரே நாளில் இரண்டானாலும் பரவாயில்லை. இரண்டோ அதற்கு மேலோ விட்டுப்போனால் 7 நாள் ஆணுறையும் தேவை. ரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் உள்ளவர்கள், 6 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குப் பால் கொடுப்பவர்கள், காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவர்களுக்கு இது வேண்டாம். சொல்லாமல் வாங்கிப் போவதுதான் ஆபத்து.

கேட்பது இரண்டு: அந்த 4ஆம் மாத மாற்றத்தை ஒரே வரியில் எப்படிச் சொல்லலாம்? மறந்த மாத்திரைக்குப் படம் வரைந்து தர யாராவது முன்வருவீர்களா?