மெமன்டின்: 10க்கு இறக்கவா, நிறுத்தவா?

ஹட்டன் பக்கத் தோட்டத்தில் 76 வயது அம்மா ஒருவர், அல்சைமர், எடை 43 கிலோ. மறதி நோய்க்கான மெமன்டின் மருந்தைக் கிழமைக்கு 5 மி.கி. கூட்டி, நாளுக்கு 20க்கு வந்து பத்து நாள். ஆறு நாளாகத் தலைசுற்று; இரவில் இல்லாத ஆட்களைக் கண்டு நடுங்குகிறார், பாவம்.

சீனி, சோடியம், சிறுநீர்க் கிருமி எல்லாம் பார்த்தாயிற்று, கோளாறில்லை. டெக்ஸ்ட்ரோமெதோர்பன் கலந்த இருமல் பாணி குடித்திருக்கிறார். மூளையில் மெமன்டின் அடைக்கும் அதே என்எம்டிஏ குளூட்டமேட் ஏற்பியை (நரம்புச் சமிக்ஞையை வாங்கும் இடம்) அதுவும் அடைக்கும். நிறுத்தி நான்கு நாள், மாற்றமில்லை. நெஞ்செரிவுக்கு எடுத்த சோடியம் பைகார்பனேட்டும் நிறுத்தியாயிற்று: சிறுநீர் காரமானால் மெமன்டின் வெளியேறுவது குறைந்து தேங்கும். அதன் அரைவாழ்வே (உடலில் பாதியாகக் குறையும் நேரம்) 60 முதல் 100 மணித்தியாலம்.

கிரியேட்டினின் கிளியரன்ஸ் (சிறுநீரகம் இரத்தத்தைச் சுத்திகரிக்கும் வேகம்) நிமிடத்துக்கு 36 மி.லி. கண்டி கிளினிக்குக்கு இன்னும் 12 நாள்; தொலைபேசியிலும் டாக்டர் கிடைக்கவில்லை.

இந்தச் சிறுநீரக அளவுக்கு இன்றே 10 மி.கி.க்கு இறக்குவது போதுமா, தெளியும் வரை முழுதாக நிறுத்த வேண்டுமா?