வேலைய சுலபமாக்குற குறுக்குவழிகளச் சொல்ற லைஃப்ஹேக்கர் வெப்சைட் பாத்து செஞ்சதுல, இன்னும் மனச விட்டுப் போகாதது எது?

நூல்கண்டு (திருப்பூர்)

2007. காந்திபுரத்துல ஒரு பிரவுசிங் சென்டர். மெர்லின் மான்ங்கிற பிளாக் எழுத்தாளர் கிளப்பிவிட்ட அந்த அட்டைக்கட்டு யோசனைய லைஃப்ஹேக்கர் மூலமாத்தான் பாத்தேன். பேரு ஹிப்ஸ்டர் பிடிஏ; பிடிஏன்னா அப்ப இருந்த கையடக்கக் கம்ப்யூட்டர், அதுக்குப் பதிலா இது. வெத்து அட்டை கொஞ்சம், ஒரு கிளிப், அவ்வளவுதான். பாத்ததும் எனக்கு அப்பா ஞாபகம் வரல. அதுதான் இன்னிக்கும் உறுத்துது.

அப்பா பனியன் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் பண்ணிக் குடுத்தவர். பழைய கல்யாணப் பத்திரிகைய நாலா வெட்டி, மூலைல ஓட்டை போட்டு, வேஸ்ட் நூல்ல கோத்து சட்டைப் பையில வச்சிருப்பார். முன்பக்கம் தங்கக் கலர்ல பாதிப் பிள்ளையார். பின்பக்கம் "பவர் டேபிள் 2 ஆள் லீவு, ரிப் துணி பாக்கி 14 கிலோ". அவர்கிட்டப் போயி நான் கிளிப் போட்ட புது அட்டையக் காமிச்சு அரை மணி நேரம் விளக்கினேன். முழுசாக் கேட்டுட்டு, "நல்லாருக்குது கண்ணு"ன்னு ஒரு அட்டைய உருவி தன் கட்டுலயே கோத்துக்கிட்டார்.

அவர் போனப்புறம் பீரோவுல அந்தக் கட்டு கிடைச்சுது. நான் குடுத்த அட்டைல என் செமஸ்டர் பீஸ் கட்டுற தேதி மட்டும் எழுதியிருந்தார்.

வாய்க்கால்மேடு (கோபி)

எனக்கு அந்த அரிசி வைத்தியந்தானுங்க. கீழ்பவானி வாய்க்கால்ல போன் விழுந்துருச்சு. ஆளாளுக்குச் சொன்னாங்கன்னு அரிசி டிரம்முக்குள்ள ரெண்டு நாள் பொதச்சு வச்சேன். ரிப்பேர் கடைக்காரர் சார்ஜர் ஓட்டைல ஊசிய விட்டு ஒரு குருணைய எடுத்து என் உள்ளங்கையில வச்சார். போன் உசுரோட வரல. அம்மிச்சி கடைசியா எருமை கறந்த போட்டோ அதுலதான் இருந்துச்சு.

தயவுசெஞ்சு யாரும் அரிசில வைக்காதீங்க. ஆப்பிளே 2024 ஜனவரியில சொல்லிருச்சு, அரிசித் துகள் உள்ள போயி கெடுக்கும்னு. மொதல்ல ஆப் பண்ணுங்க. கேபிளக் கழட்டுங்க. ஓட்டை கீழ பாக்குற மாதிரி புடிச்சு உள்ளங்கையில மெதுவாத் தட்டுங்க. காத்தாட வைங்க. அரை மணி நேரமாவது சார்ஜ் கிட்டயே போகாதீங்க, முழுசாக் காய ஒரு நாள்கூட ஆகும். ஹேர் டிரையர் வேண்டாம், பஞ்சுக் குச்சிய உள்ள விட வேண்டாம். வெயில்ல கல்லு மேல வைக்கிறதும் வேண்டாம், எங்க மாமா அப்படி வச்சு பேட்டரி உப்பிருச்சு. போட்டோவ வேற ஒரு எடத்துலயும் ஏத்தி வைங்க.

மூணாம் டேபிள் (கரூர்)

வாய்க்கால்மேடு, அரிசிய இதுல கொண்டாந்து சேக்காதீங்க. 2005 ஜனவரி கடைசில ஜினா ட்ரபானி லைஃப்ஹேக்கர ஆரம்பிச்சப்ப அது கம்ப்யூட்டர்ல வேலை பாக்குறவங்களுக்கானது. அந்தம்மாவே புரோகிராமர். லைஃப்ஹேக்குங்கிற வார்த்தையும் அதுக்கு முந்தின வருசம் சான் டியாகோ மாநாட்டுல டேனி ஓ'பிரையன் சொன்னது, புரோகிராமர்கள் தங்களுக்குன்னு கமுக்கமா எழுதி வச்சிருந்த குட்டி ஸ்கிரிப்ட்டுகளப் பத்தி.

நான் பெட்ஷீட் எக்ஸ்போர்ட் ஆபீஸ்ல இருந்தேன். பக்கத்து சீட் அக்கா ஒரே பையர் அட்ரஸ ஒரு நாளைக்கு நாப்பது தடவ அடிப்பாங்க. மணிக்கட்டுல எப்பவும் துணி சுத்தியிருக்கும். லைஃப்ஹேக்கர்ல எழுதின ஆடம் பேஷ் பண்ணி விட்ட டெக்ஸ்டர்ங்கிற சாப்ட்வேர இறக்கி அவங்க சிஸ்டத்துல போட்டேன். ரெண்டு எழுத்து அடிச்சா ஆறு வரி அட்ரஸ் வந்து விழுகும். மொத தடவ விழுந்தப்ப அக்கா கைய கீபோர்டுல இருந்து எடுத்துட்டு அப்படியே உக்காந்திருந்தாங்க.

ரெண்டு மாசத்துல நான் வேற வேலைக்குப் போயிட்டேன். சிஸ்டத்த பார்மட் பண்ணிட்டாங்க, வந்து போட்டுக் குடு சாமின்னு போன் பண்ணாங்க. போகல. அதுதான்.

தென்னந்தோப்பு (பொள்ளாச்சி)

ஜினா 2009ல விலகினதோட அது முடிஞ்சுதுங்கறவன் நான். அப்புறம் கைமாறிக்கிட்டேதானே இருந்துச்சு: 2016ல யூனிவிஷன், 2019ல ஜி/ஓ, 2023ல ஜிஃப் டேவிஸ். ஆனா ஜினா எழுதின டூடூ.டிஎக்ஸ்டிங்கிற வேலைப் பட்டியல் முறையிலதான் என் தேங்காய்க் கணக்கு இன்னிக்கும் ஓடுது. ஒரே ஒரு டெக்ஸ்ட் பைல். எந்த போன் மாத்தினாலும் திறக்குது.

நூல்கண்டு (திருப்பூர்)

மூணாம் டேபிள், அந்தக்கா நம்பர் இருந்தா இன்னிக்கே கூப்பிடுங்க. டெக்ஸ்டருக்கு அடியில ஓடினது ஆட்டோஹாட்கீங்கிற ஸ்கிரிப்ட் சாப்ட்வேர்தான், அது இப்பவும் இலவசம். அடுத்த வாரம் நூல் விசயமா கரூர் வர்றேன், அட்ரஸ் சொல்லுங்க. நானே போயி போட்டுக் குடுத்துட்டு வர்றேன்.